யாருக்கு நுரையீரல் சோதனை தேவை?

தாராவியில் சுகாதாரப் பணிக்காக வீடு வீடாகப் போகும்போது நான் இருமலைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "ஊர்ல விறகடுப்புல எத்தனை வருஷம் சமைச்சீங்கக்கா?" என்றுதான் ஆரம்பிப்பேன். பீடியே தொடாத பெண்களுக்கும் சிஓபிடி (மூச்சுக்குழாயில் காற்றுப்போக்கு தடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) வர அந்தப் புகை பெரிய காரணம். அப்புறம் வீட்டில் யார் பீடி, சிகரெட் குடிக்கிறார்கள், பழைய டிபி, சிறுவயது ஆஸ்துமா, பிளாஸ்டிக் உருக்கும் பட்டறை வேலை எல்லாம் கேளுங்கள்.

வயது 40 தாண்டி, இதில் ஒன்றிருந்து, மாடிக்கு இரும்பு ஏணி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா? "வயசாயிருச்சு, அதான்" என்பார்கள். விடாதீர்கள், ஸ்பைரோமெட்ரிக்கு, அதாவது கருவியில் ஊதவைத்து மூச்சுக் காற்றை அளக்கும் சோதனைக்கு, அனுப்புங்கள். எக்ஸ்ரே மட்டும் போதாது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு ஊதும்போது, முதல் நொடியில் வரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது. அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.