ஐரிஷ்காரர் ‘கிராண்ட்’ என்றால் அது கிராண்ட் இல்லை: அயர்லாந்துப் பேச்சு, தொடங்குவோருக்கான விளக்கம்

டப்ளினில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், இரண்டு இரவு கண் விழித்து நான் தயாரித்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்த மேலாளர், “தட்ஸ் கிராண்ட்” என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணம் கிராண்டாக நடந்தது என்று சொல்லிப் பழகிய எனக்கு அது பெரும் பாராட்டாகவே கேட்டது. அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியும் சொல்லிவிட்டேன். அயர்லாந்தில் அந்தச் சொல்லுக்கு ‘பரவாயில்லை, இது போதும்’ என்பதற்கு மேல் எடை இல்லை என்று தெரிய எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

படிக்கவோ வேலைக்கோ அயர்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் ஐம்பது சொல் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு விமானம் ஏறுகிறார்கள். அந்த முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. தெரியாத சொல்லை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதும், தெரிந்த சொற்களாலேயே ஆன வாக்கியம் வேறு இலக்கணத்தில் வரும்போதும்தான் நாம் தடுமாறுகிறோம். ஆகவே கீழ்க்காணும் வரிசையில் பழகுவது நல்லது.

முதற்படி: தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்களை முதலில் சந்தேகியுங்கள்

நம் பேச்சிலேயே ஊறிப்போன ஆங்கிலச் சொற்கள்தாம் இங்கே முதலில் காலை வாருகின்றன. நாம் ஒரு பெண்ணை ‘போல்டான பொண்ணு’ என்றால் துணிச்சலைப் பாராட்டுகிறோம். ஐரிஷ் தாய் தன் குழந்தையை ‘போல்ட்’ என்றால் அது சேட்டை செய்கிறது, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று கண்டிக்கிறாள். சென்னையில் ‘சவுண்டு பார்ட்டி’ என்றால் பணக்காரர். அங்கே ஒருவரைச் ‘சவுண்ட்’ என்றால் நம்பத்தக்க, நல்ல மனிதர். நமக்கு ‘மினரல்’ என்றதும் புட்டித் தண்ணீர் நினைவுக்கு வரும். அங்கே ‘மினரல்ஸ்’ என்பது எலுமிச்சைச் சோடா, கோலா போன்ற இனிப்புப் பானங்கள். ‘பிரஸ்’ என்றால் வண்டியில் ஒட்டிய பத்திரிகையாளர் வில்லை அன்று, அலமாரி. வெந்நீர்த் தொட்டி இருக்கும் வெதுவெதுப்பான அலமாரிக்கு ‘ஹாட் பிரஸ்’ என்று பெயர். துவைத்த துண்டுகளையும் படுக்கை விரிப்புகளையும் ஈரம் போக அதில்தான் அடுக்கி வைப்பார்கள். ‘கார்ட்ஸ்’ என்றால் அடுக்குமாடி வாசற்காவலர் அல்லர்; 1922இல் தொடங்கப்பட்ட ‘கார்டா ஷீகானா’ என்னும் தேசியக் காவல்துறையினர்.

இந்த வரிசையில் அதிகம் குழப்புவது ‘கிராக்’. ஒரு நண்பர் எதிரே வந்து “வாட்ஸ் த கிராக்?” என்றால் உங்களை யாரும் கிராக்கு என்று திட்டவில்லை; என்ன செய்தி, என்ன நடக்கிறது என்று கேட்கிறார். பேச்சு, சிரிப்பு, கூட்டாகக் கழிக்கும் நல்ல பொழுது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். இதைத் தொன்மையான ஐரிஷ் சொல் என்று சுற்றுலாக் கடைகள் விற்றாலும், வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அரட்டை என்ற பொருளில் வழங்கிய ஆங்கிலச் சொல்தான் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டர் வழியாக உள்ளே வந்து, பிற்பாடு ஐரிஷ் எழுத்துக்கூட்டலைச் சூடிக்கொண்டது.

இரண்டாம் படி: ஆங்கிலத்துக்கு அடியில் இருக்கும் ஐரிஷ் இலக்கணத்தைக் கேளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தமிழருக்கு ஓர் அனுகூலமும் இங்கேதான் உண்டு. ஐரிஷ் என்பது ஆங்கிலத்தின் வட்டாரவழக்கு அன்று, அயர்லாந்தின் சொந்தத் தனிமொழி. 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தைப் பாடமொழியாக்கின. 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள், அவர்களில் பெரும்பகுதியினர் ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதியின் ஏழைகள். எஞ்சியவர்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோது சொற்களை மாற்றிக்கொண்டார்கள். வாக்கியம் கட்டும் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பள்ளிக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் ஐரிஷ் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர்தான் என்றாலும், அம்மொழியில் ஒரு வாக்கியம்கூடப் பேசவராதவர்களின் ஆங்கிலத்திலும் அதன் எலும்புக்கூடு இருக்கிறது.

முதலில் ‘ஆஃப்டர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். “ஐ அம் ஆஃப்டர் மிஸ்ஸிங் த பஸ்” என்று ஒருவர் சொன்னால், பேருந்தைத் தவறவிட வேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை, இப்போதுதான் தவறவிட்டார். சற்று முன் முடிந்த செயலைச் சொல்ல ஐரிஷ் மொழி ‘பின்’ என்னும் பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துகிறது. அதன் நேர்ப்பெயர்ப்புதான் இது. காதில் ‘ஆஃப்டர்’ விழுந்து, அடுத்து ‘இங்’ என முடியும் வினை வந்தால், மனத்தில் ‘இப்போதுதான்’ என்று போட்டுக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது முறை சரியாக வரும்.

அடுத்தது ‘டூ பீ’. “ஷீ டஸ் பீ வொர்க்கிங் இன் த கார்டன் ஆன் சண்டேஸ்” என்பதைப் பள்ளி ஆசிரியர் பிழை என்று சிவப்பு மையில் சுழிப்பார். ஆனால் வழக்கமாக நடப்பதைத் தனியாகக் குறிக்க ஐரிஷில் ஒரு வினைவடிவம் உண்டு, பொது ஆங்கிலத்தில் அதற்கு ஈடு இல்லாததால் மக்களே இப்படி ஒன்றைச் செய்துகொண்டார்கள். தமிழில் நாம் “ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருப்பாள்” என்று எதிர்கால வடிவத்தைக் கொண்டு இதே வேலையை முடித்துவிடுகிறோம். இந்த வடிவத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். அலுவலகக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

மூன்றாவது, ஆம், இல்லை என்னும் விடைகள். ஐரிஷில் இவற்றுக்குத் தனிச்சொல் கிடையாது, கேள்வியிலுள்ள வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆகவே “டிட் யூ ஈட்?” என்று கேட்டால் “ஐ டிட்” என்பதே இயல்பான விடை. “சாப்பிட்டாயா?” என்றால் “சாப்பிட்டேன்” என்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, வெறும் ‘யெஸ்’ என்று வெட்டிப் பேசும் பள்ளிக்கூடப் பழக்கத்தை விட்டாலே பாதி ஐரிஷ்காரராகிவிடுவீர்கள்.

நான்காவது, நீங்கள் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல். ஐரிஷில் ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்ததால், ஆங்கிலத்தின் ஒற்றை ‘யூ’ அவர்களுக்குப் போதவில்லை. தெற்கிலும் மேற்கிலும் ‘யே’ என்றும், டப்ளினிலும் வடக்கிலும் ‘யூஸ்’ என்றும் பன்மை செய்துகொண்டார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நம் ‘நீங்கள்’ மரியாதைக்கும் உதவும், ‘யே’ உதவாது. எதிரே நிற்கும் ஒரே முதியவரை மரியாதைக்காக ‘யே’ என்று அழைத்தால், அவர் தமக்குப் பின்னால் வேறு யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

‘கிவிங் அவுட்’ என்பதும் இந்தக் குடும்பம்தான். எதையும் விநியோகிப்பதன்று, திட்டுவது. ‘வெளியே கொடுத்தல்’ என்ற ஐரிஷ் தொடரை அப்படியே ஆங்கிலமாக்கியது.

மூன்றாம் படி: நலம் விசாரிப்பவருக்கு நலத்தைச் சொல்லாதீர்கள்

“ஹவ் ஆர் யூ?” என்பதும், டப்ளினின் “வாட்ஸ் த ஸ்டோரி?” என்பதும், கிராமப்புறத்தின் “ஹவ்ஸ் ஷீ கட்டிங்?” என்பதும் பதிலை எதிர்பார்க்கும் கேள்விகள் அல்ல. “நாட் டூ பேட்”, “கிராண்ட்”, “நாட் எ பாதர்” ஆகியவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு நடக்கலாம். மூட்டுவலியை விவரிக்கத் தொடங்கினால் எதிராளி திகைத்துப் போவார். வானிலையைப் பற்றி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். தூறல் விடாமல் மென்மையாக நனைக்கும் நாளுக்கு ‘சாஃப்ட் டே’ என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு.

நான்காம் படி: எதிர்ப்பொருளைப் பிடியுங்கள்

குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போடச் சொன்னேன். உடன் தங்கியிருந்த கார்க் நகரத்து நண்பர் “ஐ வில், யா” என்றார். மறுநாள் காலை குப்பை அங்கேயே இருந்தது. அந்தத் தொடர், ‘யா’வில் குரல் தாழ்ந்து முடிந்தால், ‘செய்யவே மாட்டேன்’ என்று பொருள்படும். “ஆமாம், கிழிச்சேன்” என்று நாம் இழுப்பதற்கு நேர் உறவு. ஆகவே சொல்லைவிட இராகத்தைக் கேட்கப் பழகுங்கள்.

விருந்தோம்பலிலும் இதே திருகல் உண்டு. தேநீர் வேண்டுமா என்று கேட்டால் “ஆ நோ, ஐ அம் கிராண்ட்” என்பது முதல் சுற்று மறுப்பு மட்டுமே. வீட்டுக்காரர் மறுபடி கேட்பார், விருந்தினர் மறுபடி மறுப்பார், மூன்றாம் முறை கேட்கும்போது கோப்பை கைக்கு வந்துவிடும். இதில் நமக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. ஆனால் நீங்கள் வீட்டுக்காரராக இருக்கும்போது, முதல் மறுப்போடு அடுப்பை அணைத்துவிட்டால் விருந்தினர் தேநீர் இல்லாமலேயே திரும்ப நேரிடும்.

திட்டுச் சொல்லிலும் எடை குறையும். ‘ஈஜிட்’ என்பது ‘இடியட்’ என்ற சொல்லின் ஐரிஷ் உச்சரிப்புதான், ஆனால் அதில் பாதி பாசம். நாம் ‘அசடு’ என்று செல்லமாகக் கடிவது போல. ‘டெட்லி’, ‘சேவேஜ்’ இரண்டும் மிக நன்று என்பதைச் சொல்லும், ‘கேஸ்’ என்பது வேடிக்கையானதைச் சொல்லும்.

ஐந்தாம் படி: ஊரைக் கேட்டுப் பொருளைத் தீர்மானியுங்கள்

கார்க் நகரத்தார் வாக்கியத்தின் முடிவில் ‘லைக்’ வைப்பார்கள். வடக்கில் எல்லாமே ‘வீ’, அதாவது சின்னது, வாக்கியம் முடிந்ததும் ‘சோ இட் இஸ்’ என்று ஒரு முத்திரை. டப்ளின்காரர் நாட்டுப்புறத்தாரைக் ‘கல்ச்சி’ என்பார், அவர்கள் பதிலுக்கு இவரை ‘ஜாக்கீன்’ என்பார்கள். இரண்டையும் அவர்களுக்குள் விட்டுவிடுங்கள். ஓகானல் தெருவில் 2003இல் எழுப்பிய 120 மீட்டர் உயர ஊசிக் கோபுரத்துக்கு டப்ளின்காரர் உடனே ‘த ஸ்டிலெட்டோ இன் த கெட்டோ’ என்று, ஏழைப் பகுதியில் நிற்கும் ஊசிக் குதிகால் என்ற பொருளில், பெயர் வைத்தார்கள். இயைபுக்காக எதையும் சொல்லத் துணியும் ஊர் அது. நம் மேடைப் பேச்சாளர்கள் அங்கே பிறந்திருக்கலாம்.

ஆறாம் படி: நாவில் வைக்கக் கூடாதவை

வண்டியில் ஏற்றிச் செல்லக் கேட்கும்போது ‘ரைட்’ கேட்காதீர்கள், அது பாலுறவைக் குறிக்கும், ‘லிஃப்ட்’ கேளுங்கள். களைத்துப் போனதைச் சொல்லும் ‘நேக்கர்ட்’ என்ற சொல்லில் தவறில்லை, ஆனால் மனிதரைச் சுட்டும் ‘நேக்கர்’ என்பது ‘டிராவலர்’ எனப்படும் நாடோடிச் சமூகத்தாரை இழிவுபடுத்தும் வசை. 2017இல் அரசு அவர்களைத் தனி இனக்குழுவாக ஏற்றுக்கொண்ட பின்னரும் தெருவில் அது காதில் விழத்தான் செய்கிறது. நண்பர்கள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் நீங்கள் சொல்லாதீர்கள். ‘டாப் ஆஃப் த மார்னிங்’ என்று அங்கே யாரும் காலை வணக்கம் சொல்வதில்லை. சொன்னால் கேலி செய்வதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பயிற்சி: ஒரு வாக்கியத்தைப் பிரிப்போம்

“கமீர் டு மீ, யெர் மேன் இஸ் ஆஃப்டர் லீவிங் த யோக் இன் த ஹாட் பிரஸ், அண்ட் ஹெர்செல்ஃப் இஸ் கிவிங் அவுட்.”

‘கமீர் டு மீ’ என்றால் எழுந்து அருகே போக வேண்டியதில்லை. ‘இதைக் கேளேன்’ என்று பொருள். ‘யெர் மேன்’ உங்கள் கணவரோ உங்கள் ஆளோ அல்லர், இருவருக்கும் தெரிந்த யாரோ ஓர் ஆள். பெண்ணானால் ‘யெர் வன்’. ‘யோக்’ என்பது பெயர் தெரியாத அல்லது பெயர் சொல்லச் சோம்பிய எந்தப் பொருளும், நம் ‘அந்த இது’. ‘ஆஃப்டர் லீவிங்’ என்பதில் செயல் இப்போதுதான் முடிந்திருக்கிறது. ‘ஹெர்செல்ஃப்’ வீட்டின் அல்லது அலுவலகத்தின் தலைவி. பெயரைச் சொல்லாமல் ‘அவர் இருக்கிறாரா?’ என்று கணவரைப் பற்றிக் கேட்கும் நம் வழக்கத்துக்குப் பக்கத்து வீடு. சேர்த்துப் பார்த்தால், “இதைக் கேளேன், அந்த ஆள் அந்த இதைத் துண்டு வைக்கும் அலமாரியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார், அம்மா திட்டிக்கொண்டிருக்கிறார்.”

இதைக் கேட்ட ஐரிஷ்காரர் “கோ அவே!” என்பார். நாற்காலியை விட்டு எழுந்துவிடாதீர்கள். ‘அப்படியா, மேலே சொல்’ என்கிறார்.