தொடர்பியல் பிஎச்.டி.: ஆண்டுகளை விழுங்கும் தவறுகள்

கட்டணத் தேதியைத் தவறவிடுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டாம். திருச்சியிலும் திருவாரூரிலும் தொடர்பியல் (ஊடகம், செய்தி பற்றிய துறை) ஆய்வில் சேர்பவர்கள் தடுக்கி விழுவது வேறு இடங்களில்.

தலைப்பு

‘காவிரியும் ஊடகமும்’ தலைப்பே அல்ல. எந்த நாளிதழ், எந்தப் பதிப்பு, எந்தத் தேதிமுதல் எதுவரை என்று எழுதுங்கள். சென்னைப் பதிப்பின் இ-பேப்பரை மட்டும் பார்த்துவிட்டு ‘கடைமடைச் செய்தி வரவில்லை’ என்று முடிவு எழுதாதீர்கள். அது உள்ளூர்ப் பதிப்பின் மாவட்டப் பக்கத்தில் வந்திருக்கும்.

தனி ஆளாகச் செய்திகளை வகைப்படுத்துவது

எத்தனை முறை சொன்னாலும் தொடர்கிற தவறு இது. எரிச்சலாக இருக்கிறது. ‘மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை: விவசாயிகள் மறியல்’ என்றொரு செய்தி. பாசனமா, போராட்டமா? ஆய்வின் தொடக்கத்தில் பாசனத்தில் சேர்த்த மாணவர், மூன்று மாதம் கழித்து அதே மாதிரிச் செய்தியைப் போராட்டத்தில் சேர்ப்பார். அவருக்கே தெரியாது. 700 செய்தி முடிந்தபின் வேறொருவரிடம் கொடுத்துப் பார்த்தால் பொருந்தாது. மொத்தத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

‘இருவர் வகைப்படுத்தியதில் நூற்றுக்கு 78 ஒத்துப்போகிறதே’ என்று வாதாடுவார்கள். இருவருமே 100 செய்தியில் 80ஐப் பாசனத்திலும் 20ஐப் போராட்டத்திலும் குத்துமதிப்பாகப் போட்டாலே 68 ஒத்துப்போகும். தற்செயலான அந்த ஒற்றுமையைக் கழித்துக் கணக்கிடும் அளவுகோலான கிரிப்பென்டார்ஃப் ஆல்பா (முழுதும் ஒத்துப்போனால் 1) 0.3 அளவில்தான் நிற்கும். 0.80 வேண்டும். 0.667க்குக் கீழே தற்காலிக முடிவுகூடச் சொல்ல முடியாது.

முதலில் ஒவ்வொரு வகைக்கும் வரையறை, அதில் சேரும் செய்தி ஒன்று, சேராத செய்தி ஒன்று எழுதுங்கள். இரண்டும் கலந்த செய்திக்கும் விதி வேண்டும்: தலைப்பில் மறியல் இருந்தால் போராட்டம். ஆய்வுக்கு எடுத்த மாதிரியில் இல்லாத 50 செய்திகளை இருவர் கலந்து பேசாமல் வகைப்படுத்தட்டும். முரண்பட்ட இடத்தில் விதியைத் திருத்தி, புதிய 50 செய்திகளில் சோதியுங்கள். ஆல்பா தேறிய பிறகே முழு வேலை.

ஓராண்டு நாளிதழுக்குக் குலுக்கலில் இரண்டு திங்கள், இரண்டு செவ்வாய் என்று 14 இதழ் எடுப்பது வழக்கம். ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் குவியும் செய்திக்கு அது போதாது. அம்மாதங்களுக்குத் தனி மாதிரி எடுங்கள்.

கூகுள் படிவம்

வாட்ஸ்அப் குழுவில் வந்த 300 பதில்கள் டெல்டா விவசாயிகளின் கருத்து ஆகாது.

காலம்

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பிஎச்.டி.க்கு குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2.

வேலை

உதவிப் பேராசிரியர் பணியைக் குறிவைத்தால் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட்டை (மாநிலத் தகுதித் தேர்வு) தள்ளிப்போடாதீர்கள். அது ஒன்றையே நம்பியும் இருக்காதீர்கள். சுகாதாரப் பரப்புரை மதிப்பீடு, நேயர் ஆய்வு, சமுதாய வானொலி ஆகியவற்றுக்கும் இந்தப் பயிற்சி உதவும். அங்கே விண்ணப்பிக்கும்போது ஆய்வேட்டின் தலைப்பை மட்டும் எழுதி அனுப்பாமல், நீங்கள் எழுதிய வகைப்பாட்டு விதிகளையும் ஆல்பா அட்டவணையையும் வினாப்பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள்.