விடுதி அறைச் சுவரில் பூஞ்சணம்: நான் சரிசெய்த விதம்

வெளிநாட்டில் படிக்கப் போய் மாணவர் விடுதியில் குடியேறிய இரண்டாவது மாதம். அலமாரியை நகர்த்தினால், பின்சுவர் முழுக்க மை தெளித்தாற்போல் கரும்புள்ளிகள். தொட்டால் சில்லென்று ஈரம். குழாய் கசிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

காரணம் நான் உலர்த்திய துணி. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு, ஹீட்டர் பக்கத்திலேயே காயப்போட்டிருந்தேன். அந்த ஈரம் எங்கே போகும்? சூடான காற்று குளிர்ந்த சுவரில் பட்டதும் அதிலுள்ள ஈரம் நீராகப் படிந்துவிடுகிறது. காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரும் அதுதான்.

முதலில் படம் எடுத்து விடுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அறையைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கைவைத்தால் தேதியோடு இருக்கும் அந்தப் படம்தான் சாட்சி. அப்புறம் முகக்கவசம் போட்டுக்கொண்டு புள்ளிகளைத் துடைத்தெடுத்தேன். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டேன். துணியெல்லாம் பொது உலர்த்தும் இயந்திரத்துக்குப் போனது. காலையும் இரவும் ஹீட்டரை அணைத்து, ஜன்னலை 10 நிமிடம் முழுசாகத் திறந்து வைத்தேன். சின்ன ஈரப்பதமானி ஒன்றும் வாங்கினேன். முதல் நாள் 75 சதவீதம் காட்டியது, மூன்று வாரத்தில் 55க்கு இறங்கியது. அந்தச் சுவர் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது.