வேற ஊருக்குப் போறப்போ பழைய ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸை பாக்கணும்னா

நாலு நாள் வேலையா ஒரு ஊருக்குப் போறோம், அங்க நம்ம கிளாஸ்ல படிச்சவங்க ஏழெட்டு பேர் இருக்காங்கன்னு நல்லாவே தெரியும், ஆனா யாரையும் பாக்காமலே திரும்பி வந்துடுவோம், வந்தப்புறம் நம்ம ஸ்டேட்டஸ பாத்துட்டு "டேய் இங்கயா இருந்த, ஒரு வார்த்தை சொல்லல"ன்னு மெசேஜ் வரும். எனக்கு ரெண்டு தடவை இப்படி ஆச்சு. ரெண்டாவது தடவை நான் க்ரூப்ல முன்னாடியே போட்டிருந்தேன், "அடுத்த வாரம் வர்றேன், மீட் பண்ணலாமா"ன்னு. பதினோரு பேர் கட்டை விரல் தூக்கினாங்க, ஹார்ட் விட்டாங்க, வந்தது ஒருத்தன் கூட இல்ல. தப்பு என்மேலதான், நாளும் சொல்லல, நேரமும் சொல்லல.

அதனால மொத வேலை, க்ரூப்ப விடுங்க. எல்லா கிளாஸ்லயும் ஒரு ஆள் இருப்பாங்க, யாருக்குக் கல்யாணம், யாரு வீடு மாத்தினாங்க, யாரோட நம்பர் மாறிச்சு எல்லாம் தெரிஞ்ச ஆள். கிளம்பறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி அந்த ஆளுக்கு போன் போடுங்க, மெசேஜ் இல்ல, போன். அந்த ஊர்ல இப்போ உண்மையிலேயே யாரு யாரு இருக்காங்கன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும், அதோட யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லங்கறதும் தெரிஞ்சிடும், அது ரொம்ப முக்கியம். வீட்ல ஏதாவது துக்கம் நடந்திருந்தா அதையும் இப்பவே கேட்டு வச்சுக்கோங்க, டேபிள்ல உக்காந்து "அப்பா எப்படி இருக்கார்"னு கேட்டுட்டு முழிக்க வேணாம்.

அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா மெசேஜ். பதினஞ்சு வருஷம் பேசாம இப்போ திடீர்னு எழுதினா என்ன நினைப்பாங்கன்னு கூச்சமா இருக்கும்தான். 2022ல இதப்பத்தி ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 5,900 பேருக்கு மேல வச்சு பண்ணது, நாம தேடிப்போய் விசாரிச்சா எதிர்ல இருக்கறவங்க எவ்வளவு சந்தோஷப்படுவாங்கங்கறத நாம எப்பவுமே கம்மியாதான் எடை போடறோமாம், அதுவும் எதிர்பாராம வந்தா இன்னும் சந்தோஷமாம். சோ தைரியமா அனுப்புங்க, ஆனா மொத வரியிலேயே "இந்த தேதி உங்க ஊருக்கு வர்றேன், ஒரு ரெண்டு மணி நேரம் எல்லாரும் உக்காந்து பேசலாம்னுதான்"ன்னு காரணத்த சொல்லிடுங்க. வெறும் "ஹாய், எப்படி இருக்க"ன்னு நிறுத்தினா கடன் கேக்க வர்றான், இல்லன்னா பாலிசி விக்க வர்றான்னுதான் நினைப்பாங்க, நானே அப்படித்தான் நினைப்பேன்.

தேதிய நீங்களே முடிவு பண்ணுங்க. போய் இறங்கின அன்னைக்கு வேணாம், வண்டி லேட்டாகும், நீங்களும் பாதி தூக்கத்துல இருப்பீங்க. கடைசி ராத்திரியும் வேணாம், ஒரு கண்ணு கடிகாரத்துலயே இருக்கும். நடுவுல ஒரு நாள், ரெண்டு டைம் குடுத்து வாட்ஸாப்ல ஒரு ஓட்டெடுப்பு போடுங்க, ரெண்டுக்கு மேல சாய்ஸ் குடுத்தா முடிவே வராது. எல்லாருக்கும் ஒத்துவர்ற நாளத் தேடாதீங்க, அப்படி ஒரு நாள் கிடையாது, நாலு பேர் வந்தாலும் அது மீட்டிங்தான்.

சொல்லப்போனா நாலு பேர்ங்கறது நல்ல நம்பர். நாலு பேர் வரைக்கும்தான் ஒரே பேச்சு ஓடும், அதுக்கு மேல போனா கூட்டம் தானா உடைஞ்சு ரெண்டு மூணு பேச்சாயிடும்னு ராபின் டன்பார்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1990கள்லயே எழுதியிருக்கார். எட்டு பேர் வந்தா நீள டேபிள்ல ஒரே இடத்துல ஒட்டிக்காதீங்க, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து சீட் மாறுங்க, வெளியூர்லேர்ந்து வந்த ஆள் நீங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

இடம்னு பாத்தா, பாட்டு அலறாத, எழுந்து போங்கன்னு விரட்டாத எந்த இடமும் ஓகே. உங்க ரூம் பக்கத்துல வைக்காதீங்க, நிறைய பேர் இருக்கற பக்கமா நீங்க போங்க. ஒருத்தர் வீட்ல வச்சா அந்த ஒருத்தர் முழு நேரமும் சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடந்துட்டே இருப்பாங்க, பாவம். பில்ல பிரிச்சுக்கலாம்னு முன்னாடியே மெசேஜ்ல போட்டுடுங்க, குடும்பத்தோடயா தனியாவாங்கறதையும். அன்னைக்கு லைவ் லொக்கேஷன் போட்டு விடுங்க, ஒரு மணி நேரம் வச்சா போதும், "எங்க இருக்க"ன்னு இருபது கால் மிச்சம்.

பேர் மறந்துடுமோன்னு பயமா? முகம் மறக்காது. 1975லயே பாரிக்னு ஒரு சைக்காலஜிஸ்ட் டீம் 392 பேர வச்சு டெஸ்ட் பண்ணி, 30 வருஷம் தாண்டியும் கூடப் படிச்சவங்க முகத்த போட்டோல பத்துக்கு ஒம்போது கண்டுபிடிக்கறாங்க, சும்மா யோசிச்சு பேர் சொல்லச் சொன்னாதான் திணறறாங்கன்னு காட்டினாங்க. அதனால முந்தின ராத்திரி கிளாஸ் குரூப் போட்டோவ எடுத்து வச்சு வரிசையா பேர் சொல்லிப் பாருங்க, அதையே போன்ல கொண்டு போங்க, பேச்சு நின்னா எடுத்துக் காட்டுங்க, அடுத்த ஒரு மணி நேரம் ஓடிடும்.

சம்பளம், குழந்தை, கல்யாணம் இந்த மூணையும் நீங்களா கேக்காதீங்க, அவங்களா சொன்னா கேட்டுக்கோங்க. பட்டப்பேரும் பாத்துதான், சிலருக்கு அது இன்னும் வலிக்கும், மொதல்ல ஒழுங்கான பேர சொல்லிக் கூப்பிடுங்க, அவங்களே சிரிச்சுட்டு பழைய பேர சொன்னா அப்புறம் ஜமாய்ங்க. பழைய கணக்கு ஏதாவது இருந்தா எட்டு பேர் முன்னாடி தீர்க்காதீங்க, போறப்போ பார்க்கிங்ல தனியா ரெண்டு நிமிஷம் பேசுங்க. நான் அப்படி ஒரு ஸாரி சொன்னேன், அவனுக்கு அந்த விஷயமே ஞாபகம் இல்லன்னுட்டான், பொய்யா நிஜமான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

போட்டோவ உடனே க்ரூப்ல கொட்டாதீங்க, வராதவங்க இருக்காங்க, வெளிய தெரிய வேணாம்னு நினைக்கறவங்களும் இருப்பாங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க. வர முடியாம போனவங்களுக்கு மட்டும் ரூமுக்குத் திரும்பினதும் ஒரு கால் அடிங்க, அன்னைக்கே.