மைக்கேல் பவலைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஆங்கில இயக்குநர் மைக்கேல் பவலைப் (1905–1990) பற்றி எழுத உட்காருபவர்கள் முதல் வரியிலேயே சறுக்குவதுண்டு: 'பவல் இயக்கிய தி ரெட் ஷூஸ்'. 1942 முதல் 1957 வரை எமரிக் பிரஸ்பர்கரோடு சேர்ந்து எடுத்த படங்களில் எழுத்து, தயாரிப்பு, இயக்கம் மூன்றுக்கும் இருவர் பெயரும் ஒன்றாகத்தான் வரும். செட்டில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர் பவல். கதையைக் கட்டியது பெரும்பாலும் ஹங்கேரியில் பிறந்த பிரஸ்பர்கர். எனவே டைட்டில் கார்டைப் பார்க்காமல் பெயர் போடாதீர்கள். 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940) படத்துக்கோ இயக்குநர்களே மூன்று பேர். பவல் அவர்களில் ஒருவர்.

'பிளாக் நார்சிஸஸ்' (1947) இமயமலையில் எடுக்கப்பட்டது என்பது இன்னொரு பிழை. படக்குழு இந்தியப் பக்கமே வரவில்லை. பைன்வுட் ஸ்டுடியோவும் சசெக்ஸில் உள்ள ஒரு தோட்டமும்தான் அந்த மலை. மணிக்கூண்டுக்குக் கீழே தெரியும் அதலபாதாளம், பெர்சி டே கண்ணாடியில் தீட்டிய ஓவியம். பின்னணிச் சிகரங்கள் சிலவற்றைக் கருப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பெரிதாக்கி, மேலே வண்ணச் சாக்கட்டி தேய்த்து உருவாக்கினார்கள். ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃபுக்கும் கலை இயக்குநர் ஆல்ஃபிரட் யுங்கேவுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. இதில் நடித்த சாபு மட்டும் அசல் மைசூர்க்காரர்.

'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' (1946) படத்தில் எது வண்ணம், எது கருப்பு வெள்ளை என்பதை நினைவிலிருந்து எழுதுபவர்கள் தலைகீழாக்கிவிடுகிறார்கள். பூமிதான் வண்ணம், மேலுலகம் கருப்பு வெள்ளை. மேலிருந்து வரும் தூதர், அங்கே டெக்னிகலருக்கு (அந்நாளைய வண்ணப்பட முறை) பஞ்சம் என்று அலுத்துக்கொள்வதே இதை வைத்துத்தான். ரோஜா கண்ணெதிரே நிறமேறும் ஷாட்டை டெக்னிகலர் கேமராவில் எடுத்து, பிரிண்டில் முதலில் சாயத்தை ஏற்றாமல் விட்டுப் பிறகு ஏற்றினார்கள். அமெரிக்காவில் இதே படம் 'ஸ்டேர்வே டு ஹெவன்' என்று வெளியானது. பட்டியலில் இரண்டு படமாக எண்ண வேண்டாம். 'கான் டு எர்த்' (1950), 'தி வைல்ட் ஹார்ட்' (1952) விஷயம் வேறு. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் முதல் படத்தில் ஏறக்குறைய அரை மணி நேரத்தை வெட்டி, ரூபன் மமூலியனை வைத்துப் புதுக்காட்சிகளும் எடுத்துச் சேர்த்தது அந்த இரண்டாவது வடிவம். விமர்சனம் எழுதும்முன் கையில் இருப்பது எது என்று பார்த்துவிடுங்கள்.

அதிகம் அடிபடும் பிழை, 'பீப்பிங் டாம்' (1960) பவலின் கடைசிப் படம் என்பது. பத்திரிகைகள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டன, பிரிட்டனில் அவர் மார்க்கெட் விழுந்தது, இரண்டும் உண்மை. ஆனால் அடுத்த ஆண்டே 'தி குவீன்ஸ் கார்ட்ஸ்' வந்தது. ஆஸ்திரேலியாவில் 1966-லும் 1969-லும் இரண்டு படங்கள் எடுத்தார். பின்னதில் ஜேம்ஸ் மேசனோடு இளம் ஹெலன் மிரன். இன்னொன்று: 'பீப்பிங் டாம்' திரைக்கதை லியோ மார்க்ஸுடையது, பிரஸ்பர்கருக்கு அதில் பங்கில்லை.

1957-க்குப் பிறகு இருவரும் மீண்டும் சேரவே இல்லை என்றும் முடித்துவிடாதீர்கள். 1966 ஆஸ்திரேலியப் படத்தின் திரைக்கதையில் 'ரிச்சர்ட் இம்ரி' என்றொரு பெயர் வரும். அது பிரஸ்பர்கரின் புனைபெயர். 1972-இல் வந்த 'தி பாய் ஹூ டர்ன்ட் யெல்லோ' என்ற சிறுவர் படத்தை அவர் தன் சொந்தப் பெயரிலேயே எழுதினார், இயக்கம் பவல்.