இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நாமே கணக்கிடலாம்

சென்னையில் இரவு 11.15-க்குப் புறப்பட்டு, காலை 6.10-க்கு சிங்கப்பூரில் இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது இரவு 8.15-க்குக் கிளம்பி, 10 மணிக்கே சென்னை. போக ஏழு மணி நேரம், வர இரண்டு மணி நேரமா? இல்லை. இதே பயணத்தை வைத்துக் கணக்கைப் பழகிக்கொள்வோம்.

படி 1: தூரம்

கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, சென்னை விமான நிலையத்தின் மீது ரைட் கிளிக் செய்து, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தைக் கிளிக் செய்தால் சுமார் 2,920 கிலோமீட்டர் என்று காட்டும். கடல் மைலில் வேண்டுமென்றால் 1.852-ஆல் வகுங்கள், ஏறத்தாழ 1,577 வரும்.

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து மட்டும் அளக்க வேண்டாம். பூமி உருண்டை என்பதால் தாளில் நேராகத் தெரியும் கோடு பெரும்பாலும் குறுகிய வழி அல்ல. வீட்டில் குளோப் இருந்தால், லண்டனுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, கிரீன்லாந்தைத் தொட்டுக்கொண்டு போகும். விமானங்களும் அந்தப் பக்கமாகத்தான் போகின்றன.

படி 2: பறக்கும் நேரம்

ஜெட் விமானத்துக்கு மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 2,920-ஐ 850-ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிடம். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் அதற்கு அரை மணி சேருங்கள். ஆக, கிட்டத்தட்ட நான்கு மணி நேரம்.

சென்னை–யாழ்ப்பாணம் போன்ற குறுகிய வழியில் பறக்கும் ஏடிஆர் என்ற சிறிய புரொப்பல்லர் விமானத்துக்கு மணிக்கு 500 கிலோமீட்டர் என்று போடுங்கள்.

படி 3: டிக்கெட்டோடு ஒப்பிடுவது

சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கிழக்கே போகும்போது, டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களின் இடைவெளியிலிருந்து அதைக் கழிக்க வேண்டும்: 11.15 முதல் 6.10 வரை 6.55, அதில் 2.30 போக 4 மணி 25 நிமிடம். வரும்போது கூட்ட வேண்டும்: 8.15 முதல் 10 வரை 1.45, அதனுடன் 2.30 சேர்த்தால் 4 மணி 15 நிமிடம்.

சரி, நம் கணக்கைவிட இருபது, முப்பது நிமிடம் ஏன் கூடுகிறது? டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம் விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரும் நேரம். சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் வாயில் வரை வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான்.

படி 4: காற்று

நீண்ட பயணங்களில் காற்றையும் பார்க்க வேண்டும். லண்டன்–நியூயார்க் தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, நியூயார்க்கிலிருந்து வரும் விமானத்தைத் தள்ளிவிடும். எதிர்த்திசையில் போவதைத் தாமதப்படுத்தும். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை எட்டியது. எதிர்த்திசையில் எட்டு மணி நேரம் வரை எடுப்பது சாதாரணம்.

உங்கள் விமானத்தின் உண்மையான நேரம் தெரிய, பிளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைத் தட்டுங்கள். கடந்த சில நாட்களில் அது எப்போது எழுந்தது, எப்போது தரையிறங்கியது என்று வரிசையாக இருக்கும். அடுத்த விமானம் மாறவேண்டிய பயணமென்றால், டிக்கெட் வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.