நகல் காபன் பிரேமில் பந்தயச் சைக்கிள் பூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏ9 வீதி காப்பெட் இட்டுச் சீராக்கப்பட்ட பின்னர், வவுனியாவிலிருந்து மாங்குளம், கிளிநொச்சி வரைக்கும் பந்தயச் சைக்கிள் ஓடுவது எளிதாகிவிட்டது. ஏற்ற இறக்கம் குறைந்த நேரான வீதி கிடைத்தால், இரும்புச் சைக்கிளில் ஓடிப் பழகிய இளைஞருக்கு இலேசான காபன் பிரேம் மீது ஆசை வருவதும் இயல்பே. அசல் பிரேமின் விலை பல இலட்சம் ரூபாய் என்பதால், பினரெல்லோ, ஸ்பெஷலைஸ்ட் போன்ற பிரபல நிறுவனங்களின் பெயர்கள் ஒட்டப்பட்ட நகல் பிரேமை இணையவழியில் சீனாவிலிருந்து வரவழைத்து, மற்றப் பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தாங்களே பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டுவது கடினமான வேலையன்று. ஆனால் அதில் நேரும் சில தவறுகள் உயிருக்கே உலை வைப்பவை. இரும்பில் பழகிய கை காபனையும் அப்படியே நடத்துவதால்தான் அவற்றில் பெரும்பாலானவை நேருகின்றன.

முதல் தவறு, பெயருக்குப் பணம் கொடுப்பது. காபன் பிரேமின் பலம் அதன் வெளி உருவத்தில் இல்லை. எபொக்சிப் பசை ஊறிய காபன் இழைத் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டி, குழாயின் நீளப்பாட்டுக்கு ஒரு படை, 45 பாகைச் சரிவில் இன்னொரு படை என அச்சுக்குள் அடுக்கி, உள்ளே காற்றுப்பையை ஊதி அழுத்திச் சூடாக்கியே அதனைச் செய்கிறார்கள். பனையோலை நீளப்பாட்டில் இழுத்தால் அறாது, குறுக்கே இழுத்தால் கிழியும். காபன் இழையின் குணமும் அதுவே. எந்த இடத்தில் எத்தனை படை, எந்தத் திசையில் என்பதே அசல் நிறுவனத்தின் அறிவு. நகலெடுப்பவர் வெளி வளைவை அளந்து அச்சு வார்க்கலாம். உள்ளே மறைந்திருக்கும் அடுக்கை அவரால் அளக்க முடியாது. 2011 முதல் சர்வதேச சைக்கிள் ஓட்டச் சம்மேளனம் புதிய பிரேம்களுக்கு அங்கீகார முத்திரை வழங்கிவருகிறது என்றாலும், முத்திரையையும் நகலாக அச்சிட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஆகவே முத்திரையைப் பார்த்து நம்புவது வீண்.

ஏறத்தாழ அதே விலைக்கு, பிறர் பெயர் எதுவும் ஒட்டாமல் தன் சொந்த அச்சில் செய்து தன் பெயரிலேயே விற்கும் தொழிற்சாலையின் பிரேமும் கிடைக்கிறது. சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரத்துக்குச் சோதித்த அறிக்கையை அத்தகைய தொழிற்சாலையிடம் கேட்டுப் பெறலாம். குறை இருந்தால் முறையிடவும் ஓர் இடம் உண்டு. நகலில் இவை இரண்டுமில்லை. போதாக்குறைக்கு, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வணிகக் குறிகளுக்குப் பாதுகாப்பு அளிப்பதால், போலிப் பெயருடன் வரும் பொதி சுங்கத்திலேயே தடுக்கப்படலாம். பிறர் பெயர் ஒட்டாத பிரேமே மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே நகலை வாங்கிவிட்டவர்கள் அடுத்த தவறையாவது தவிர்க்க வேண்டும். பொதி வந்த அன்றே பூட்டத் தொடங்குவதுதான் அது. முதலில் போர்க்கின் (முன்சில்லைத் தாங்கும் கவையின்) தண்டுக் குழாயையும், பெடல் அச்சுச் செல்லும் கூட்டையும் டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்க்க வேண்டும். நல்ல வேலையாயின் உட்சுவர் ஒரே சீராக இருக்கும். துணி கசங்கியது போன்ற மடிப்பு, விரல் நுனிக்குத் தட்டுப்படும் குழி, பசை திரண்டு கண்ணாடிபோல் மினுங்கும் இடம் ஆகியவை தெரிந்தால், அங்கே படைகள் ஒன்றோடொன்று சரியாக ஒட்டவில்லை என்று கொள்ளலாம். பிறகு பின்சில்லு பூட்டும் ஒரு முனையில் தையல் நூலைக் கட்டி, முன் தலைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் இறுக்கிக் கட்ட வேண்டும். சீற் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாயிருந்தால் பிரேம் நேர்; ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைத் திருப்பி அனுப்புவதே நல்லது, ஏனெனில் இரும்பைப்போலக் காபனை வளைத்து நேராக்க முடியாது.

போர்க்கைப் பற்றி நான் விட்டுக்கொடுக்க ஆயத்தமில்லை. பிரேமில் வெடிப்பு வந்தால் சிலவேளை சத்தம் எழுப்பி எச்சரிக்கவும் கூடும். போர்க்கின் தண்டு முறிந்தாலோ ஹான்டில் கையோடு வந்துவிடும், ஓடுகிறவர் முகம் குப்புற வீதியில் விழுவார். ஏ9 வீதியில் பின்னால் லொறி வந்துகொண்டிருக்கும்போது அதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை. நகல் பிரேமையே ஓடுவது என்று தீர்மானித்தவரும், அளவு பொருந்தும் அசல் போர்க் ஒன்றைத் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். தண்டை அறுக்கும்போது நுண்பல் வாளைப் பயன்படுத்தி, தூசு பறக்காமல் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து அறுக்க வேண்டும். இரும்புத் தண்டுக்குள் அடித்து இறக்கும் நட்சத்திர நட்டைக் காபன் தண்டுக்குள் அடித்தால் அது உட்சுவரைக் கிழித்துவிடும். விரிந்து பிடிக்கும் அடைப்பானையே இட வேண்டும், அதுவும் ஹான்டிலைத் தண்டோடு பிணைக்கும் பிடி இறுகும் உயரத்துக்கு நேரே உள்ளே அமைய வேண்டும்.

இறுக்கும் அளவில் நேரும் தவறே மிகப் பரவலானது. இரும்புச் சைக்கிளில் திருகாணி ஓடி நின்ற பிறகும் இன்னும் கால் சுற்று இறுக்குவது நல்ல வேலை எனப் பழகியிருக்கிறோம். காபனில் அந்தக் கால் சுற்றுத்தான் வெடிப்பின் தொடக்கம். ஹான்டில் பிடி, சீற் பிடி ஆகியவற்றின் திருகாணிகளுக்குப் பொதுவாக 5 நியூற்றன் மீற்றரே போதும். பாகத்தில் வேறு அளவு பொறித்திருந்தால் அதையே கொள்ள வேண்டும். கை மதிப்பில் இதனைச் செய்ய முடியாது, இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். சீற் கம்பி வழுக்கி இறங்கினால் மேலும் இறுக்காமல், காபனுக்கென்றே விற்கப்படும் மணற்றன்மையுள்ள பசையைப் பூச வேண்டும். சாதாரண கிறீஸ் பூசினால் காபன் கம்பி இன்னும் வழுக்கும்.

பெடல் அச்சுக் கூட்டில் மரை வைத்த வகை கிடைத்தால் அதையே தெரிவு செய்யுங்கள். அழுத்திச் செருகும் வகையில், உதாரணமாக 41 மில்லிமீற்றர் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் சற்றுக் கூடினாலே பெயரிங் தளர்ந்து ஒவ்வொரு மிதிக்கும் முனகும். வேணியர் இடுக்கிமானியால் துவாரத்தைப் பல திசைகளில் அளந்த பின்னரே பெயரிங் வாங்க வேண்டும். கியர் தொங்கும் சிறு அலுமினியத் துண்டையும் பிரேமோடு சேர்த்து இரண்டாக வரவழைப்பது நல்லது. நகலுக்குரியது பிறகு தேடினால் அகப்படாது.

ஓடத் தொடங்கிய பின்னர் வன்னிக்கே உரிய சில கவனங்கள் உண்டு. ஏ9 இலிருந்து உள்ளே திரும்பினால் கிரவல் வீதி. ரயருக்கும் பிரேமுக்கும் இடையில் இரு பக்கமும் 4 மில்லிமீற்றராவது இல்லாவிட்டால், மாரியில் ஒட்டும் சேறும் அதிலுள்ள கல்லும் அரத்தைப்போல் நின்று காபனைத் தேய்க்கும். பாரில் பிள்ளையை இருத்தி ஏற்றும் பழக்கம் இங்கு வீட்டுக்கு வீடு உண்டு. மெல்லிய சுவருள்ள காபன் மேற்குழாய் அதற்கென ஆக்கப்பட்டதன்று, அதில் ஒருவரும் இருக்கக் கூடாது. பஸ்ஸின் கூரையில் ஏற்றும்போது கயிற்றை அதே குழாயில் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. ஆனையிறவு, முல்லைத்தீவுப் பக்கம் ஓடிவந்தால் உப்பை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். அலுமினியச் சீற் கம்பி காபனோடு தொட்டபடி உப்பீரம் பட்டால் அலுமினியம் அரித்துப் பூத்து உள்ளேயே இறுகிவிடும். வெயிலில் காபன் உருகும் என்ற பயம் மட்டும் தேவையற்றது, இங்குள்ள வெயிலை எபொக்சி நன்றாகவே தாங்கும்.

விழுந்தெழுந்தால் நிறப்பூச்சின் கீறலை மட்டும் பார்த்துவிட்டு ஏறி ஓடக் கூடாது. நாணயம் ஒன்றால் குழாய் நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மந்தமாக மாறினால் அங்கே படைகள் பிரிந்திருக்கக்கூடும். அந்தப் பிரேமை அதன் பிறகு ஓடவும் கூடாது, பெயின்ற் அடித்து விற்கவும் கூடாது. பழைய இரும்புக் கடையில் போடுவதானாலும், யாரும் எடுத்து ஒட்டிப் பூட்டாதபடி தலைக் குழாயின் அருகே வாளால் இரண்டாக அறுத்துவிட்டே போட வேண்டும்.